கோட் வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள்

டீசல் கார் கேள்வி – பதில்

கே: ஐயா, என் டீசல் கார் வாடகைக்கு ஓடுகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடானதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேன் போட்டால் எரர் ஏதும் இல்லை என்கிறார்கள். டீசல் பம்ப்பை இறக்கிப் பார்க்கலாமா?
– வாடகைக் கார் ஓட்டுநர், தேனி

ப: பம்ப்பைத் தொடாதீர்கள் தம்பி. அடுத்த முறை வண்டி நின்றதும், ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம்.மை வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இருநூறுக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் எண் வர வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போதே அங்கே பூஜ்யம் நின்றால், கிராங்க் சென்சாரின் சிக்னல் வரவில்லை. சிக்னல் இல்லையென்றால் இன்ஜின் சுற்றவே இல்லை என்றுதான் இ.சி.யு. எடுத்துக்கொள்ளும், டீசல் தெளிக்காது. பல வண்டிகளில் கோட் பதிவாகாமல் போவதற்கும் இதுவே காரணம். நின்றுபோன இன்ஜினையும் செத்துப்போன சென்சாரையும் அவை ஒரே மாதிரிதான் பார்க்கின்றன.

உறுதிசெய்ய, வண்டி நின்ற இடத்திலேயே ஈரத் துணியைச் சென்சார் மேல் சில நிமிடம் போட்டுவையுங்கள். ஆறியதும் பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. ஷெட்டில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: முடி உலர்த்தும் மெஷினால் சென்சாரைச் சூடாக்கி, சிக்னல் போகிறதா என்று பார்ப்பது. மாற்றுவதற்கு முன் ஒயரையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகிற ஒயரின் உறை வெந்து நொறுங்கியிருந்தால் புது சென்சாரும் அதே கதைதான். இரண்டு பின் உள்ள காந்த வகையாக இருந்தால் மீட்டரில் ஓம்ஸ் பார்க்கலாம், சூட்டிலும் ஆறியும். மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. அதில் ஓம்ஸ் வைத்துப் பார்க்கக் கூடாது. நல்ல சென்சாரையும் கெட்டது என்று சொல்லிவிடுவீர்கள், சில சமயம் கெடுத்தும் விடுவீர்கள்.

சரிசெய்யும் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறாதீர்கள். வளைவில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும்.

கே: ஏர் ஃப்ளோ சென்சாரைப் பெட்ரோல் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?
– வாசகர், விருதுநகர்

ப: கூடாது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்து, தானாக உலரவிட்டு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் படலத்தில் விரல்கூடப் படக்கூடாது.

கே: சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி அப்பாவின் டீசல் காரில் மாட்டிப் பார்த்தேன். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பூஸ்ட் சென்சார் 78 கிலோ பாஸ்கல் காட்டுகிறது. கோவையில் இருக்கும் நண்பனின் காரில் 97 வருகிறது. எங்கள் சென்சார் கெட்டுவிட்டதா?
– கல்லூரி மாணவர், ஊட்டி

ப: உங்கள் சென்சார் நன்றாக இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். இன்ஜின் ஓடாதபோது அந்தச் சென்சார் காட்ட வேண்டியது ஊர்க் காற்றின் அழுத்தத்தை. மேட்டுப்பாளையம் இறங்கியதும் மறுபடி பாருங்கள், 97ஐ ஒட்டி வரும். வராவிட்டால் எழுதுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்கத் தோன்றியதே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன்.

கே: 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் முந்தும்போதும் ஏற்றத்திலும் பிக்கப் செத்து, செக் இன்ஜின் லைட் எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஸ்கேனில் பி0087 வந்தது. ஒரு ஷெட்டில் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி அதே கோட். பிறகு பம்ப்பில் உள்ள வால்வை மாற்றினார்கள். திரும்பவும் அதே. இப்போது சென்சார் டூப்ளிகேட்டாக இருக்கும், இன்னொன்று போடலாம் என்கிறார்கள். இதுவரை பதினெட்டாயிரம் செலவு. என்ன செய்வது?
– ஜவுளிக் கடைக்காரர், திருநெல்வேலி

ப: இன்னொரு சென்சார் வாங்கினால் மேலும் சில ஆயிரம் போகும், அவ்வளவுதான் நடக்கும். உங்களுக்காக மட்டுமில்லை, இந்த மாதம் இதே வரிசையில் கடிதம் எழுதிய எல்லோருக்காகவும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் குறைவு. சென்சார் பழுது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சென்சாரின் சிக்னலில் கோளாறு என்றால் பி0190 முதல் பி0193 வரை உள்ள வரிசையில் ஒன்று வந்திருக்கும். உங்கள் வண்டியில் சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது: "டீசல் போதவில்லை." சொன்னதைக் கேட்காமல் சொன்னவனைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். எத்தனை ஷெட்டில் இதைப் பார்த்துவிட்டேன்! கோடில் 'ரெயில் பிரஷர்' என்று வந்தால் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றுவது, 'இ.ஜி.ஆர்.' என்று வந்தால் இ.ஜி.ஆர். வால்வை மாற்றுவது. ஸ்கேனரைப் படித்துக் காட்டுவது மெக்கானிக் வேலை ஆகாது. மெக்கானிக் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் சென்சாரைச் சோதித்து ஒதுக்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியை மட்டும் ஆன் செய்தால் ரெயில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சிக்னல் ஒயரில் சுமார் அரை வோல்ட் இருக்கும், சப்ளையில் 5 வோல்ட். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் 250 முதல் 350 பார் வரை நிற்கும். இ.சி.யு. கேட்கும் அழுத்தம் ஒன்று, கிடைக்கும் அழுத்தம் ஒன்று என்று ஸ்கேனரில் இரண்டு எண்கள் தெரியும். ஐடிலில் இரண்டும் ஒட்டிப் போனால் சென்சார் பெரும்பாலும் நல்லதுதான். இனி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள். கேட்பது ஆயிரத்தைத் தாண்டி ஏறும்போது கிடைப்பது பின்தங்கி நின்றால், டீசல் வரும் வழியில் எங்கோ அடைப்பு அல்லது கசிவு.

அதை மலிவான இடத்திலிருந்து தேடுங்கள். டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஃபில்டருக்குப் பிறகு கொஞ்ச தூரம் கண்ணாடிபோல் தெரியும் ஹோஸை இடையில் மாட்டி, ஓடும்போது காற்றுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன். நான்கு குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு, ஒரே நேரம் ஓடவிட்டால், எது அதிகம் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் அழுத்தத்தைத் தின்கிறது. இதற்கு ஆகும் செலவு நான்கு பாட்டிலும் கொஞ்சம் ஹோஸும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஹை பிரஷர் பம்ப் மீது கை வைக்க வேண்டும். என் கணிப்பு ஃபில்டர் அல்லது காற்று. பாட்டிலில் வேறு விடை வந்தால் அதை நம்புங்கள், என் கணிப்பை விட்டுவிடுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். விரலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

கே: வண்டி ஸ்டார்ட் ஆனதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஸ்கேனரில் கூலன்ட் சூடு மைனஸ் 40 காட்டுகிறது.
– வாசகர், சேலம்

ப: மைனஸ் 40 என்றால் சர்க்கியூட் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சார் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் இரண்டு பின்னையும் சிறு ஒயரால் இணையுங்கள். எண் ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவினால் ஒயரிங் நல்லது, சென்சாரை மாற்றலாம். மைனஸ் 40லேயே நின்றால் ஒயரைத் தேடுங்கள். மாற்றுவதாக இருந்தால் இன்ஜின் ஆறிய பிறகு.

கே: என் கார் பி.எஸ். 6 டீசல். டி.பி.எஃப். லைட் எரிந்ததால் அதன் பிரஷர் சென்சாரை மாற்றினோம். பத்து நாளில் மறுபடி எரிகிறது. மகளைப் பள்ளியில் விட, கடைக்குப் போக என்று தினம் நான்கு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். டி.பி.எஃப்.பையே எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் ஒருவர். பயமாக இருக்கிறது.
– வாசகி, வேளச்சேரி

ப: பயப்பட வேண்டாம் அம்மா, பெரிய செலவு இல்லாமல் தீர வாய்ப்பிருக்கிறது. மாற்றியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாயும் வெடிப்போ அடைப்போ இல்லாமல் இருக்கின்றனவா? இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிடவில்லையே? புது சென்சாரை ஸ்கேனரில் பதிவுசெய்து, பழைய கணக்கை அழித்தாரா? இன்ஜின் ஓடாதபோது அந்தச் சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும். அதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் சென்சார் மேல் தப்பில்லை, ஓட்டம்தான் போதவில்லை. வடிகட்டியில் சேரும் கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நான்கு கிலோமீட்டரில் அது வராது. லைட் மட்டும் எரிந்து, பவர் குறையாமல் இருந்தால் ஜி.எஸ்.டி. சாலையிலோ இ.சி.ஆரிலோ அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். பவர் குறைந்துவிட்டால் ஓட்டாதீர்கள், ஸ்கேனர் வைத்து எரிக்க வேண்டியிருக்கும். எடுத்துவிடச் சொன்னவரிடம் மறுபடி போகாதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், உங்கள் மகள் மூச்சுவிடும் காற்றுக்கும் விரோதம். அடுத்த கார் வாங்கும்போது, இதே ஓட்டம்தான் என்றால், டீசல் வேண்டாம்.

கே: ஒரிஜினலில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, அதே பெட்டி, அதே பெயரில் ஏர் ஃப்ளோ சென்சார் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

ப: வேண்டாம். பெட்டியை அச்சடிப்பது சுலபம்.

கே: வாட்டர் சர்வீஸ் விட்டோம். இன்ஜின் மேலும் நன்றாகத் தண்ணீர் அடித்தார்கள். மறுநாள் வண்டி இழுக்கவே இல்லை. பூஸ்ட், ரெயில் பிரஷர், இ.ஜி.ஆர். என்று மூன்று கோட் ஒன்றாக வந்தன. இ.சி.யு. போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள்.
– லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர், நாமக்கல்

ப: மூன்று சென்சார் ஒரே இரவில் சாகாது. இ.சி.யு. போய்விட்டது என்பது எல்லாம் பார்த்து முடித்த பிறகு சொல்ல வேண்டிய தீர்ப்பு. பல சென்சார்களுக்கு 5 வோல்ட் சப்ளை ஒரே லைனில் பகிர்ந்து போகிறது. ஒரு கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால், அந்த லைனில் இருக்கும் எல்லாமே பொய் சொல்லும். பி0641 அல்லது பி0651 கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு கப்ளரில் மீட்டரை வைத்து, 5 வோல்ட்டுக்குப் பதில் ஒன்று, இரண்டு என்று வந்தால், மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. பச்சை பூத்த பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, உலர்த்தி, ரப்பர் சீல் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். எல்லாக் கப்ளரும் உலர்ந்தே இருந்தால் ஒயரை அடிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், எலி கடித்திருக்கும்.

இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்கவிடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கடிதம் எழுதுபவர்களுக்கு: "லைட் எரிகிறது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது. முழு கோட் எண், கோளாறு சூட்டிலா ஆறியா, சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது சம்பந்தப்பட்ட சென்சார் காட்டும் எண், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், இதுவரை மாற்றிய பாகங்கள் – இவற்றை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஏர் ஃப்ளோ சென்சாரும் கரும்புகையும் பற்றி வந்திருக்கும் கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.