வடிகட்டிய நீரில் வடியாதவை

நீரை வடிகட்டியே பருக வேண்டும் என்னும் நெறி நம் இல்லங்களில் வழிவழியாகப் பேணப்பட்டு வருவது. இரு மடிப்புத் துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே திரும்பச் சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம். அதன் முதல் நோக்கம் கொல்லாமை, உடல்நலம் உடன்விளைவு. அவ்வுடன்விளைவும் சிறிதன்று. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய சேலைத் துணியை நான்காக மடித்து நீரை வடித்துப் பயன்படுத்திய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதை ரீட்டா கோல்வெல் முதலிய அறிஞர்கள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனினும் நீரில் கரைந்துவிட்ட பொருள் எத்துணியிலும் தங்குவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் வீட்டுக் குழாயில் வரும் இக்காலத்தில், துணி எதைத் தடுக்கும், நெருப்பு எதைப் போக்கும், இவ்விரண்டுக்கும் அகப்படாதது யாது என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டியுள்ளது.

சேலத்திற்குத் தெற்கே ஜருகுமலை அடிவாரத்தை அடுத்துள்ள பனமரத்துப்பட்டியை எடுத்துக்கொள்வோம். சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-இல் இங்கே ஏரி அமைக்கப்பட்டது. மழைநீர் மலைச்சரிவில் இறங்கி, பாறையினுள் நெடுநாள் தங்காமல் ஏரியை அடையும். ஆதலின் அத்தகைய நீரில் உப்பு குறைவு. பின்னாளில் மேட்டூர்க் காவிரி நீர் சேலத்திற்கு வந்தது. ஏரியோ பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்து, சீமைக் கருவேலம் மண்டிற்று. ஏரி வற்றினால் சுற்றுப்புறத்தார் நிலத்தடி நீரைத்தான் நாட வேண்டும். நாமக்கல் வரை உள்ள சமவெளி ஊர்களிலும் 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்னும் இருவகைப் பேச்சு வழங்குவது இதனாலேயே.

மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது கரியமிலவாயுவை ஏற்றுச் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அதனால் பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. இவ்விரண்டின் மிகுதியே நீரின் கடினத்தன்மை. சேலம் மாவட்டத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்; சேலத்தின் வடபால் வெள்ளைக்கல். ஆங்கிலேயர் அவ்வெண்குன்றுகளைச் சுண்ணாம்பு எனக் கருதி 'சாக் ஹில்ஸ்' என்றனர். உண்மையில் அது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட்.

கடின நீரை அறிய நம் இல்லப் பெண்டிருக்குக் கருவி வேண்டுவதில்லை. சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு நெடுநேரம் கொதித்தும் மலராது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படலம் ஏறும். பருப்பில் உள்ள பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் இறுக்கிவிடுவதே அது வேகாமைக்குக் காரணம். அவ்வெண்படலமோ ஒருவகையில் நற்செய்தி: பைகார்பனேட்டாகக் கரைந்திருந்த கால்சியம் கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. ஆறவைத்துத் தெளிவை வடித்தெடுத்தால் அப்பங்கு நீங்கும். இதனைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கலந்துள்ள பங்கு கொதிப்பினால் நீங்காது; மக்னீசியமும் கால்சியத்தைப் போல் எளிதிற் படிவதில்லை. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கரைந்த உப்பை எடுக்காது.

2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கென உடல்நல அடிப்படையில் வரம்பு ஏதும் விதிக்கவில்லை. கடின நீர் பெரும்பாலும் பாத்திரத்திற்கும் பணப்பைக்கும் இடர் தருவதேயன்றி நஞ்சன்று.

நாம் அஞ்ச வேண்டியது ஃபுளோரைடு. அதற்குச் சுவையில்லை, நிறமில்லை, படலமுமில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, 1.5 உச்ச வரம்பு. அதற்குமேல் தொடர்ந்து பருகும் சிறுவர்க்குப் பல் முளைக்கும் பருவத்திலேயே வெண்திட்டும் பழுப்புக் கறையும் ஏறும். அளவு மிக மிகுந்து பல்லாண்டு தொடரின் எலும்பும் மூட்டும் இறுகும். அண்டையிலுள்ள தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததன் காரணமே இதுதான். இதில் வியப்பொன்று உண்டு. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு அதனோடு கூடிப் படிந்துவிடும். கால்சியம் குறைந்த நிலத்தடி நீரிலேயே அது மிகுதியாகத் தங்கும். ஆகவே நன்றாக நுரைத்து நாவுக்கும் இனிக்கும் கிணற்று நீர் ஐயத்துக்குரியதாகவும், பருப்பு வேகாத நீர் குற்றமற்றதாகவும் இருத்தல் கூடும். காய்ச்சுவதும் இங்கே உதவாது: கிருமி மடியும், நீர் ஆவியாகக் குறைவதால் எஞ்சியதில் ஃபுளோரைடின் செறிவு கூடும்.

வீடுதோறும் வந்து இரு கம்பிகளை நீரில் இட்டு, அது பழுப்பாவதைக் காட்டி, கருவி விற்போர் உளர். பழுப்பு நீரின் அழுக்கன்று. மின்சாரத்தால் கரையும் இரும்புக் கம்பியின் துருவே. அவர் தூயது எனக் காட்டும் நீரிலும் ஒரு சிட்டிகை உப்பை இட்டால் அவ்வாறே பழுப்பாகும். கரைந்த பொருள்களின் மொத்தத்தைக் காட்டும் கைக்கருவியும் ஃபுளோரைடு உளதா என்று சொல்லாது.

எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி ஃபுளோரைடையும் உப்பையும் நீக்கும் என்பது மெய்யே. ஆயினும் வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் பெற இரண்டு மூன்று லிட்டர் கழிவாகிறது. நீரை அளவறிந்து செலவிடுவதை நோன்பாகக் கொண்ட நாம் தேவையறியாமல் அதனை வாங்குதல் பொருந்தாது. மென்னீராக்கும் கருவியோ கால்சியத்துக்கு ஈடாகச் சோடியத்தைச் சேர்க்கும்; ஃபுளோரைடை நீக்காது. அது குளியலுக்கும் துவைத்தலுக்கும் ஆகும்.

ஆதலின் முதற்செலவு சோதனைக்கே ஆகட்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். குழாயைச் சிறிதுநேரம் ஓடவிட்டு, அந்நீராலேயே கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் நிரப்புக. ஃபுளோரைடுச் சோதனைக்குக் கண்ணாடிப் புட்டி ஆகாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் தூய்மையாக்கிய புட்டி தனியே வேண்டும். காவிரி நீரும் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் கலக்கும் வீடாயின், கலக்குமுன் இரண்டையும் வெவ்வேறாக எடுத்து, கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப்பின் ஒருமுறையும் கொடுத்தல் நலம்.