நடந்து செல்லும் மணல்



ஆறும் பனிக்கட்டியும் நிலத்தை அரிப்பதை நாம் முன்னைய பாடங்களிற் கற்றோம். காற்றும் நிலத்தை அரிக்கும். அரித்ததைச் சுமந்து செல்லும். சுமந்ததை வேறோரிடத்திற் குவிக்கும். ஆயினும் காற்றின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஈரமின்றி, புல்பூண்டு மூடாது, தளர்ந்து கிடக்கும் மண்ணையே அது எளிதில் தூக்கும்.

நுண்ணிய தூசி வானில் உயர்ந்து கண்டங்களையும் கடக்கும். சகாராப் பாலைவனத்துத் தூசி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமேசன் காடுகளில் விழுகின்றது. மணலோ பாரமானது, அது துள்ளித் துள்ளியே செல்லும். துள்ளிய மணி விழும்போது வேறு மணிகளை மோதி எழுப்பும். அவை மேலும் சிலவற்றை எழுப்பும். றால்ப் பக்னோல்ட் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி வட ஆபிரிக்கப் பாலைநிலத்தில் இதனை ஆராய்ந்து 1941 இல் நூலாக வெளியிட்டார். பறக்கும் மணலிற் பெரும்பகுதி ஒரு மீற்றர் உயரத்துக்குள்ளேயே செல்லும். ஆகவே பாலைவனப் பாறைகள் சில அடியில் தேய்ந்து, காளான் போல நிற்பதுண்டு.

இனி மணற்குன்றைப் பார்ப்போம். காற்று வரும் பக்கம் சாய்வு குறைந்தது. மணிகள் அதில் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபக்கத்துச் சரிவில் உருண்டு விழும். பின்புறம் குறைய முன்புறம் கூடுவதால், குன்று முழுவதுமே நகரும்.

இதைக் காண நாம் பாலைவனம் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் டென்மார்க்கின் வடமுனையில் றோபியெர்க் மீலெ என்னும் குன்று உள்ளது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புடைய அது, ஆண்டுக்கு ஏறக்குறைய 18 மீற்றர் கிழக்கு வடகிழக்காக நகர்கின்றது. அதனைத் தள்ளுவது மேல்காற்று. நம்மவர் அதைக் கச்சான் என்பர்.

அங்கிருந்து சற்று வடக்கே, ஸ்கேயன் நகரருகே, மணலில் ஒரு வெண்ணிறக் கோபுரம் நிற்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த புனித லோறன்ஸ் தேவாலயத்தின் எச்சம் அது. அக்காலத்து மக்கள் விறகுக்கு மரம் வெட்டினர், ஆடுமாடுகளை மேய்த்தனர், கடற்கரைப் புல்லையும் அறுத்தனர். வறுமை அவர்களை அவ்வாறு செய்வித்தது. நாம் குறைகூற இயலாது. ஆனால் வேர்பிடி இழந்த மணலைப் புயற்காற்று வாரிச்சென்று வயல்களையும் வீடுகளையும் மூடியது. புல் அறுப்பதைத் தடுக்க 1539 இலேயே அரசாணை பிறந்தும் மணல் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வழிபாட்டுக்கு வந்தோர் வாயிலை மூடிய மணலைத் தோண்டியே உள்ளே சென்றனர். 1795 இல் ஆலயம் மூடப்பட்டது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட, கப்பலோட்டிகளுக்கு அடையாளமாகக் கோபுரம் மட்டும் விடப்பட்டது. அதன் பிறகு புல்லும் ஊசியிலை மரங்களும் பெருமளவில் நடப்பட்டே மணல் அடக்கப்பட்டது. றோபியெர்க் மீலெ மட்டும், மணலின் போக்கை மக்கள் அறியட்டும் என்று, வேண்டுமென்றே கட்டப்படாது விடப்பட்டுள்ளது.

இக்கோபுரத்தைக் காணும் வடமராட்சிப் பெற்றோருக்கு மணற்காடு நினைவுக்கு வரும். அங்கும் மணற்குன்றுகளின் நடுவே பழைய புனித அந்தோனியார் ஆலயத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. இங்கு ஊசியிலை மரம் செய்யும் வேலையை அங்கே சவுக்கு செய்கின்றது. எனினும் கட்டட வேலைகளுக்காக மணல் அள்ளப்பட்டு அக்குன்றுகள் பல இடங்களிற் குறைந்துவிட்டன. காற்று கொண்டுசென்ற மணல் வேறோரிடத்திலாவது குவியும். வண்டியில் ஏற்றிய மணல் குன்றுக்குத் திரும்புவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: டென்மார்க்கின் குன்றைத் தள்ளுவது பெரும்பாலும் ஒரே திசைக் காற்று. மணற்காட்டிலோ சோழகமும் வாடையும் பருவத்துக்குப் பருவம் மாறி வீசும். அவ்வாறாயின் அங்குள்ள குன்றின் செங்குத்தான பக்கம் எத்திசையில் அமையும்? பெற்றோரிடம் அவ்விரு காற்றுகளின் மாதங்களையும் கேட்டறிந்து, படம் வரைந்து வாருங்கள்.