போக முதல் ஒருக்காப் பாருங்கள்

விசா வந்துவிட்டது என்று தெரிந்தால் எங்கள் தர்மபுரத்து வீடுகளில் முதல் வேலையாக மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்குவார்கள். பிறகு கிளிநொச்சிக்குப் போய்ச் சூட்கேஸ், குளிர்ச் சட்டை. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்குப் பயணம் சொல்லப் போவது. இதற்குள் நாள் முடிந்துவிடும். போன மாரியில் கனடாவுக்குப் போன எங்கள் அயல்வீட்டுத் தம்பி, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது படலையடியில் நின்று கேட்டான்: "அண்ணை, கல்மடு வான் பாயுதாம். எந்தப் பக்கத்தால போறது?"

அந்தக் கல்மடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன். விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஊர்ப்பெயர்களை ஒழுங்கு பிசகாமல் சொல்லுவான். போருக்குள், எட்டு வயதில் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்தபடி அவன் கடந்த ஊர்கள் அவை. எங்களில் பலருக்கு வன்னியை ஓடின வழியாகத்தான் தெரியும். ஆறுதலாக நின்று பார்த்த இடம் குறைவு. வெளிநாடோ கொழும்போ, ஊரைவிட்டுப் போகப்போகிறீர்கள் என்றால் ஒரு நான்கு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். மோட்டார் சைக்கிள் ஒன்று, தொப்பி, இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தால் போதும்.

முதல் நாள் தூரம் போகவேண்டாம். காலை வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகு கல்மடுக் குளக்கட்டில் ஏறுங்கள். இருட்டோடு போகாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள பகுதி. தண்ணீர் நிறைந்த குளத்தைப் பார்க்க மார்கழியும் தையும்தான் நல்ல காலம். கட்டின் ஒரு பக்கம் தண்ணீரும் அதற்குள் நிற்கும் பட்ட மரங்களும், மற்றப் பக்கம் பச்சை வயல். 2009 ஜனவரியில் போருக்குள் இந்தக் கட்டு உடைக்கப்பட்டது. குளம் முழுக்கப் பெருகி ஊர்ப்பக்கம் பாய்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது நீங்கள் நிற்பது அதற்குப் பிறகு திருத்திக் கட்டிய அணை. மீன் பிடிப்பவர்கள் கரைக்கு வரும் நேரமாக இருந்தால் விராலோ யப்பான் மீனோ வாங்கலாம். வலையிலிருந்து நேரே உங்கள் பைக்குள் விழும், இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். குளிக்க இறங்குவதென்றால் ஊராரைக் கேட்டு இறங்குங்கள். முதலை இல்லாத வன்னிக் குளம் அருமை.

திரும்பி வரும்போது ஊருக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் நடவுங்கள். 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. என் அப்பாயி அப்படி வந்தவர்களில் ஒருத்தி. கிணறு வெட்டும்வரை எவ்வளவு தூரம் தண்ணீர் சுமந்தார்கள், முதல் வருசம் என்ன பயிர் வைத்தார்கள், எந்த மரத்தடியில் சாமிக்குக் கல் நட்டார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இல்லை. எழுபது வயதைத் தாண்டின ஒருவரின் திண்ணையில் இருந்து கேட்டால்தான் கிடைக்கும். கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தர்மபுரம் வைத்தியசாலையடியிலும் கொஞ்சம் நில்லுங்கள். 2008இன் கடைசி மாதங்களில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து வந்து இயங்கியது இங்கேதான்.

புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு எங்கள் ஆட்கள் நேர்த்தி வைக்காத காரியம் குறைவு. விசாவுக்கும் வைத்திருப்பீர்கள். பங்குனி உத்தரத்துப் பொங்கல்தான் அங்கே பெரிய நாள். கண்டாவளைப் பக்கம் முழுக்கச் சனமாக இருக்கும். மாட்டுவண்டியில் போன காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், இப்போது லாண்ட் மாஸ்டரும் ஓட்டோவும். ஆனால் என் எண்ணத்தில் அந்தக் கோயிலைச் சாதாரண நாளொன்றில் பார்க்கவேண்டும். திருவிழாவில் கடைகளைப் பார்ப்போம், சனத்தைப் பார்ப்போம். சனமில்லாத பின்னேரத்தில் போனால்தான் வெளியின் நடுவே கோயில் எவ்வளவு தனியாக நிற்கிறது என்பது தெரியும். பனைகளில் காற்று அடிக்கும் சத்தம், மணிச்சத்தம், வேறொன்றுமில்லை.

அங்கிருந்து வடக்கே போனால் சுண்டிக்குளம் பரவைக்கடல். எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதுதான் விடை. கனகராயன் ஆறு, நெத்தலியாறு, பிரமந்தனாறு, தேராவில் ஆறு எல்லாம் கடைசியில் போய் விழுவது அந்தக் களப்பில். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மாரி காலத்தில் வலசை வரும் பறவைகள் அங்கே இறங்கும். தூரத்தில் தண்ணீருக்கு மேலே வெளிறிய றோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அந்தக் கோடு கால் எடுத்து வைக்கும். அவை பூநாரைகள். கிட்டப் போக முயலாதீர்கள். எழும்பிப் பறந்துவிடும், சேறும் உங்களை விடாது. முடிந்தால் தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். எந்தப் பாதையால் போகலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்களத்து ஆட்களிடம் கேளுங்கள், மழைக்குப் பிறகு பாதைகள் மாறும். இன்னொன்று: மிதிவெடிச் சின்னம் போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், அதைத் தாண்டிக் கால் வைக்கவேண்டாம்.

இரண்டாம் நாள் இரணைமடு. வட்டக்கச்சி வழியாக உள்வீதியால் போங்கள், வாய்க்கால் பெரும்பாலும் கூடவே வரும். 1902இல் தொடங்கிய குளத்து வேலை முடிய ஏறத்தாழ இருபது வருசம் எடுத்தது. வடக்கில் மிக அதிகமாகத் தண்ணீர் கொள்ளும் குளம் இது. கிளிநொச்சி என்ற ஊரே இந்தத் தண்ணீரை நம்பி உண்டானது. 1930களில் யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் வந்தவர்களுக்கு வயல் பிரித்துக் கொடுத்தார்கள். கட்டில் நின்றால் அக்கரை சரியாகத் தெரியாது. வான் கதவுகள் திறந்திருந்தால் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது காதில் விழாது. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பொழுதுபடும்வரை கட்டில் இருங்கள். அவசரப்பட்டுத் திரும்புகிற இடமல்ல.

மூன்றாம் நாளைக் கிழக்குக்கு வைத்திருங்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதி முழுதும் ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். விட்டால் ஒரு மணித்தியாலத்தில் முல்லைத்தீவில் நிற்பீர்கள். அப்படிப் போகவேண்டாம். விசுவமடுவில் தேத்தண்ணி குடியுங்கள். உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று மெல்லப் போய்ப் புதுக்குடியிருப்பில் இறங்கிச் சந்தையைச் சுற்றுங்கள். அதற்கு அப்பால் முள்ளிவாய்க்கால். 2009இல் இந்த வழி முழுவதையும் நடந்து முடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் எடுத்தது. உங்கள் வீட்டில் அந்தப் பயணத்தில் யாரையாவது இழந்திருந்தால், அவர்களை நினைக்க மே 18 வரை காத்திருக்கவேண்டியதில்லை. நினைவு முற்றத்தில் எந்த நாளும் ஒரு பூ வைக்கலாம். அம்மாவோ பெரியம்மாவோ கூட வர விரும்பினால் கூட்டிப் போங்கள். வர விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நான் முதல்முறை போனபோது அம்மா வட்டுவாகல் பாலத்தின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளை நிற்பாட்டச் சொன்னா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாலம் முழுவதும் நடந்தா. 2009இல் இந்தப் பாலத்தைக் கடந்த அன்றைக்கும் செருப்பில்லாமல்தான் நடந்ததாம். நான் பின்னால் மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் நந்திக்கடலில் ஆட்கள் இறாலுக்கு வலை வீசிக்கொண்டு நின்றார்கள். அம்மா நடுப்பாலத்தில் நின்று, "இவ்வளவு வடிவான இடமெண்டு அண்டைக்குத் தெரியேல்ல" என்றா. பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

பாலம் தாண்டி முல்லைத்தீவில் மீன் சாப்பாடு. அதன்பின் வட்டாப்பளை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்தாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாளாம். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கேற்றுவது அந்தக் கதையால் வந்த வழமை. ஒரு கிழமை அந்த விளக்கு எரியும். உங்கள் பயணம் வைகாசியை ஒட்டி வருகிறது என்றால் ரிக்கெற்றைப் பொங்கலுக்குப் பிறகு போடுங்கள். இதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்லும் ஒன்றே ஒன்று அந்தப் பொங்கல் இரவு.

திரும்பும் வழியை ஒட்டுசுட்டானால் வைத்தால் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடலாம். புனம் அரிந்த ஒட்டைச் சுட்டபோது லிங்கம் தெரிந்தது என்று ஊர்ப்பெயருக்கே கதை சொல்லுவார்கள். பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டார வன்னியனை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் ட்றிபேர்க் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரர் அங்கே கல் நாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டுப் பழகின கதை நடந்த மண்ணில் அரை மணித்தியாலம் நிற்பது நல்லது. வைகாசி, ஆனி என்றால் அந்தக் காட்டு வீதியோரம் பாலைப்பழம் கிடைக்கும். கொஞ்சமாக உண்ணுங்கள், உதடு ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் நாளில் பூநகரிக்கு அரை நாள் போதும். பழைய போர்த்துக்கேயர் கோட்டை இடிந்து கிடக்கிறது, சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்தது. நான் அங்கே போகச் சொல்வது மொட்டைக்கறுப்பன் அரிசிக்காக. வெளியில் இருக்கும்போது கஞ்சி காய்ச்ச மனம் வரும். போகிற நாட்டில் அரிசி கொண்டுவர விடுவார்களா என்று மட்டும் முதலே விசாரித்து வையுங்கள்.

அந்த நாளின் மிச்சம் வீட்டுக்கு. எங்கள் ஊரில் பலருக்கு உறுதிக் காணி இல்லை, பேமிற் காணிதான். அனுமதிப்பத்திரம் யாரின் பெயரில் இருக்கிறது, பின்னுரித்து யாருக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்து, பிரதி ஒன்றை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். பிறகு அப்பாவோடு எல்லையைச் சுற்றி நடவுங்கள். எந்த வேலி யாருடையது, எந்தத் தென்னை எந்த வருசம் வைத்தது, பங்கர் வெட்டி மூடின இடம் எது என்று அவர் சொல்லிக்கொண்டு வருவார். நேரத்தைப் பாராதீர்கள்.

கட்டுநாயக்காவுக்கு எல்லோரும் இரவு வான் பிடிப்பதுதான் வழமை. பிடியுங்கள், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே ஊரை விட்டு வெளிக்கிடுங்கள். ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையாரடியில் சாரதி எப்படியும் நிற்பாட்டுவார். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் கடைக்கு வாருங்கள். சூடாக வறுத்த கச்சானில் இரண்டு பைக்கற் வாங்குங்கள். ஒன்றை வானுக்குள் எல்லோரோடும் உடைத்துச் சாப்பிடலாம். மற்றதைக் கைப்பைக்குள் வையுங்கள், போய் இறங்கின வீட்டில் பிரிக்க.