பயிற்சியாளர் புவோனோ

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் உள்ள பொட்டென்சா என்னும் ஊரில் 1950ஆம் ஆண்டில் வாலி புவோனோ பிறந்தார். அவர் சிறு குழந்தையாய் இருந்தபோதே அவர்தம் குடும்பத்தார் கடல் கடந்து, கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரிற் குடியேறினர். தந்தையார் மறைந்தபின், வறுமையுற்ற தாயார் தம் மைந்தரைச் சில காலம் சிறுவர் இல்லம் ஒன்றில் விட்டுவைக்க நேர்ந்தது.

புவோனோவை உயர்த்தியது கனடியக் கால்பந்தாட்டம். பெயரிற் கால் இருப்பினும் அதனிற் கைக்கே வேலை மிகுதி. முட்டை வடிவான பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் அணிக்குப் பன்னிருவர் ஆடுவர். மூன்று முயற்சிகளுள் பத்துக் கஜம் முன்னேறாத அணி பந்தை இழக்கும். 1972 முதல் 1981 வரை மாண்ட்ரியால் அலவெட்ஸ் அணியில் ஆடிய புவோனோ, இருமுறை கிரே கிண்ணம் வென்றார். அந்நாட்டு ஆட்டக்காரர் பெறும் தலையாய பரிசு அதுவே.

1990இல் கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். பின்னர் மேலாளர் பொறுப்பையும் ஏற்றார். அவ்வணி மும்முறை கிண்ணம் வென்றது. 2003இல் வான்கூவர் நகரின் லயன்ஸ் அணிக்குச் சென்று, அங்கும் இவ்விரு பொறுப்புகளையும் தாங்கினார். இரண்டும் ஒருவரிடம் சேர்வது எளிதன்று. பயிற்சியாளர் ஆட்டக்காரரை அரவணைத்தல் வேண்டும். மேலாளரோ ஊதியத்தையும் திறமையையும் எடைபோட்டு அவரை விலக்கவும் வேண்டும். காலையில் தோளைத் தட்டிய கையே மாலையில் விலக்கு ஓலையில் ஒப்பமிட நேரும்.

2011ஆம் ஆண்டு அவருக்குக் கடுஞ்சோதனையாய் அமைந்தது. லயன்ஸ் அணி முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது; ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது ஒரே வெற்றிதான் கிட்டியிருந்தது. பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில் டிராவிஸ் லூலே என்னும் இளைஞர் இருந்தார். அவரை மாற்றும் அதிகாரம் புவோனோவின் கையிலேயே இருந்தது. எனினும் அவர் மாற்றவில்லை. எஞ்சிய பதினோர் ஆட்டங்களுள் பத்தில் அவ்வணி வென்றது. நவம்பர் 27ஆம் நாள், சொந்த நகரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் வினிப்பெக் அணியை 34-23 என்னும் கணக்கில் வீழ்த்திக் கிண்ணத்தைப் பெற்றது. அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது லூலேக்குக் கிடைத்தது.

அதன்பின் பயிற்சிப் பணியை விடுத்து மேலாளராக மட்டும் இருந்த புவோனோ, 2016இல் மீண்டும் அப்பணிக்குத் திரும்பினார். 2018இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 282 வெற்றிகள் இருந்தன. அக்கழகத்தில் வேறெந்தப் பயிற்சியாளரும் அதுவரை அத்துணை பெற்றதில்லை. ஆயினும் அவரது கடைசி ஆட்டம், ஹாமில்டன் நகரில், 48-8 என்னும் கணக்கிற் பெருந்தோல்வியாகவே முடிந்தது.