ஆப்பிரிக்க முற்றமும் புளியறை முற்றமும்

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

கணிதம் படிக்கும் மாணவிக்கு மழலையர் கல்வியில் என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். வகுப்பில் மீப்பெரு பொது வகுத்தியைப் படித்தோமே, அந்தப் பாடம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ளது அங்கோலா நாடு. அதன் கிழக்குப் பகுதியில் வாழும் சோக்வே மக்களிடம் ‘சோனா’ என்னும் மணல் ஓவியக் கலை வழங்கி வந்தது. மணலைச் சமப்படுத்தி, விரல் நுனியால் சம இடைவெளியில் புள்ளிகள் குத்தி, அவற்றைச் சுற்றி விரலை எடுக்காமல் கோட்டை வளைத்துக்கொண்டே போவார்கள். வரைந்தபடியே கதையும் சொல்வார்கள், விடுகதையும் போடுவார்கள். இதைப் படிக்கும்போது நம் வாசல் சிக்குக் கோலம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வரைகிறவர்கள் ஆண்கள். சிறுவர்கள் பருவச் சடங்குக் காலத்தில் எளிய படங்களைப் பெரியவர்களிடம் கற்றுக்கொள்வார்கள். நம் ஊரில் பையன் கோலப்பொடியைத் தொட்டால் தெருவே சிரிக்கும்!

மொசாம்பிக் நாட்டில் பணியாற்றிய கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டெஸ் (1952–2014) இந்தச் சோனாப் படங்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர். தமிழ்நாட்டுக் கோலங்களைப் பற்றியும் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். பாய் முடைந்தாற்போல் அமையும் படங்களுக்கு ஓர் அழகான விதி உண்டு. எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை புள்ளி என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கோடுகள் தேவைப்படும். 3 வரிசை, 4 புள்ளி என்றால் ஒரே கோட்டில் முடிந்துவிடும். 4 வரிசை, 4 புள்ளி என்றால் நான்கு தனிக்கோடுகள் வரும். சாணம் தெளித்த எங்கள் முற்றத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாகவே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நாலுக்கு நாலு போட்டா ஒரே இழையா வராதுல்லா, மூணுக்கு நாலு போடு” என்றாள். அம்மா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

அம்மாவுக்கு இது யார் கற்பித்தது? ஆச்சி. எந்த வயதில்? கையில் பொடி பிடிக்கத் தெரிந்த வயதில். இப்படி ஐந்து வயதுக்குள் வீட்டிலும் முற்றத்திலும் வயல் வரப்பிலும் ஒரு குழந்தை கற்றுக்கொள்வதற்குக் கல்வி என்று பெயர் வைக்கலாமா என்பதே என் கேள்வி.

வைக்கலாம் என்று உரக்கச் சொன்னவர்கள் ஆப்பிரிக்க அறிஞர்கள். (ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடன்று, 54 நாடுகள், ஏறத்தாழ 2,000 மொழிகள். ஆகவே எல்லோரையும் ஒரே வாயால் பேச வைக்க முடியாது.) நைஜீரியக் கல்வியாளர் பாபாதுண்டே ஃபாஃபுன்வா, வெள்ளையர் பள்ளிக்கூடம் வருமுன்பே ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குக் கல்வி இருந்தது என்று விரித்து எழுதினார். உடல் திறன், நன்னடத்தை, பெரியோரை மதித்தல், குடும்பத்திலும் ஊரிலும் பங்கேற்றல் ஆகியவை அதன் நோக்கங்கள் என்றார். கேமரூன் நாட்டு உளவியலறிஞர் பாமே இன்சமெனாங் இன்னும் ஒரு படி மேலே போனார். மேலைநாட்டார் குழந்தையின் வளர்ச்சியை வயதைக் கொண்டு அளக்கிறார்கள். எங்கள் ஊரிலோ குழந்தையிடம் எந்தப் பொறுப்பை நம்பி ஒப்படைக்கலாம் என்பதைக் கொண்டு அளக்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். ஏவின பொருளை எடுத்து வருதல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல், கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாட்டுச் சாமான் செய்தல் எல்லாம் அங்கே பாடங்கள்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. நம் பல்லாங்குழிக்கு ஆப்பிரிக்கா முழுவதும் உறவினர்கள் இருக்கிறார்கள். நம் பலகையில் 7 குழிகள் வீதம் இரண்டு வரிசை. கானா நாட்டு ‘ஒவாரே’ ஆட்டத்தில் 6 குழிகள் வீதம் இரண்டு வரிசை. தான்சானியாவில் ஆடும் ‘பாவோ’வுக்கு 8 குழிகள் வீதம் நான்கு வரிசை, ஆக 32 குழிகள். விதைகளை அள்ளி ஒவ்வொன்றாகக் குழிகளில் போட்டுக்கொண்டு போவது மூன்றுக்கும் பொது. எங்கள் பக்கத்து வீட்டில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மாலையில் ஆச்சியோடு புளியங்கொட்டை வைத்து ஆடுவான். குழியில் நான்கு சேர்ந்ததும், எண்ணிப் பார்க்காமலே “பசு!” என்று கூவி அள்ளிவிடுவான். நான்கு என்பது அவனுக்குக் கண்ணால் காணும் பொருள். அதே பையன் காலையில் வேன் ஏறி ஓர் ஆங்கில மழலையர் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஒன்று முதல் நூறு வரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் தூங்கிவிடுகிறான். ‘கணக்கில் கவனம் போதாது’ என்று டயரியில் குறிப்பு வருகிறது.

மொழியும் இப்படித்தான். எங்கள் புளியறை மலையடிவாரத்து எல்லையூர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டம் தமிழகத்தோடு இல்லை; அதற்குமுன் திருவிதாங்கூர்ச் சீமை. பேச்சில் மலையாள வாடை வீசும். பலாப்பழத்தைச் சக்கை என்போம். சாரலுக்கும் தூறலுக்கும் பேய்மழைக்கும் வேறுபாடு அறிந்த குழந்தைக்குப் படத்தைக் காட்டி “மழை, சொல்” என்றால் அது யோசிக்கத்தான் செய்யும். நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் 1970இல் ஃபாஃபுன்வா ஒரு சோதனை தொடங்கினார். தொடக்கப்பள்ளியின் ஆறாண்டும் யொரூபா மொழியிலேயே பாடம்; ஆங்கிலம் ஒரு தனிப்பாடம் மட்டும். அப்படிப் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. நம் பெற்றோர் வேனுக்குக் கட்டும் பணத்தை எண்ணும்போது இச்செய்தி எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது.

ஆனால் பழைய வழக்கம் எல்லாம் பொன் என்று எழுத என்னால் முடியாது. அண்ணனும் அக்காளும் சிறுவரை வளர்க்கும் முறையை அந்த ஆப்பிரிக்க அறிஞர் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டைப் படித்தபோது என் அக்காளை நினைத்துக்கொண்டேன். கார், பிசானம் இரண்டு பூவிலும் அம்மா நடவுக்குப் போய்விடுவாள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அக்காள். நான் எண்ணிப் பழகியதும், கதை கேட்டதும், தட்டாங்கல் பிடித்ததும் அவளிடந்தான். அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் கற்ற முதல் பாடங்களுக்கு அவள் படிப்பைக் கொடுத்திருக்கிறாள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள் தலையில்தான் இந்த வளர்ப்புப் பொறுப்பு விழுகிறது என்பதைப் பாராட்டுகிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் அங்கன்வாடி வருகிறது. நாட்டில் 33 இடங்களில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று ஊருக்கு ஊர் நிற்கிறது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல் ஆகியவற்றையே நாம் பேசுகிறோம். மூன்று வயதுத் தங்கை அங்கே போனால் பத்து வயது அக்காள் பள்ளிக்குப் போகலாம். ஒரு குழந்தைக்கு இட்ட சோற்றில் இரண்டு குழந்தைகளின் படிப்பு இருக்கிறது.

அந்தப் பெயரையும் கவனிக்க வேண்டும். மராத்தியில் ‘அங்கண்’ என்றால் முற்றம். மராட்டியக் கல்வியாளர் தாராபாய் மோடக், 1945இல் போர்டி கிராமத்தில் பணி தொடங்கி, குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று நடத்திக் காட்டினார். கோஸ்பாடில் மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது. கூழாங்கல்லும் இலையும் விதையும் அவர்களுக்குக் கருவிகள். சோக்வே மக்களின் மணலுக்கும் கோஸ்பாடின் மேய்ச்சல் வெளிக்கும் அதிகத் தூரமில்லை.

ஆகவே ஊர்தோறும் அங்கன்வாடியில் வாரம் ஒருநாள் ஓர் ஆச்சியை அழைத்துப் பல்லாங்குழி ஆட விடலாம். இன்னொரு நாள் தரையில் புள்ளி வைத்துக் கோலம் போடச் செய்யலாம், பையன்களையும் சேர்த்துத்தான். செலவு என்று பார்த்தால் ஒரு படி கோலப்பொடி. எச்சரிக்கை ஒன்று உண்டு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் புளியங்கொட்டை கொடுக்கக்கூடாது, மூக்கில் திணித்துக்கொள்வார்கள். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய கல் நல்லது. குன்றிமணி எந்த வயதுக்கும் ஆகாது, அது நஞ்சு.

இந்த யோசனையை எங்கள் ஆச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள்: “ஏட்டி, சம்பளம் எவ்வளவு தருவாக?”