சவாஜா, ப்ளூவா? அலுவலகத்துக்கு எது?

ஆண்களுக்கான சென்ட் கேட்டால் கடைக்காரர் கை பெரும்பாலும் டியோர் சவாஜுக்கும் ப்ளூ டி ஷனேலுக்கும்தான் போகும். இரண்டும் கருநீல பாட்டில். எலுமிச்சை வகைப் புளிப்பும் மிளகுக் காரமும் இரண்டிலுமே முதலில் ஏறும். அவசரத்தில் முகர்ந்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வித்தியாசம் அடியில் இருக்கிறது. பிரான்சுவா டெமாஷி செய்து 2015இல் வந்த சவாஜில் அம்ப்ராக்சன் என்ற செயற்கை வாசனைப்பொருள் தூக்கலாக இருக்கும். ஆள் இறங்கிப் போன பிறகும் லிஃப்டில் சவாஜ் நிற்பதற்கு அதுதான் காரணம். ஜாக் போல்ஜ் 2010இல் தந்த ப்ளூ, இஞ்சி, சாம்பிராணிப் புகை, மரவாசனை என்று அடங்கிப்போகும்.

கடையில் நீட்டும் காகிதத் துண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் மற்றொன்று, ஒவ்வொன்றிலும் ஒரே ஸ்ப்ரே. தேய்க்காமல் காயவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முதல் கால் மணி நேரம் மணப்பது பெரும்பாலும் புளிப்புதான், சீக்கிரம் பறந்துவிடும். விற்பனையாளர் பில் போடச் சொல்வதும் சரியாக அந்த நேரத்தில்தான்! மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முகருங்கள். உங்கள் மூக்கு அதற்குள் பழகிப்போயிருக்கும். அதனால் பக்கத்து சீட்காரரிடமும் கேளுங்கள். தினமும் அதைச் சகித்துக்கொள்ளப் போகிறவர் அவர்தானே.

ஒப்பிடும்போது எந்த அடர்த்தி ரகம் என்று பாருங்கள். இரண்டிலும் ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம், பர்ஃபம் உண்டு. ஒன்றின் டாய்லெட்டை இன்னொன்றின் பர்ஃபமோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ‘ஓ சவாஜ்’ என்று எழுதிய பெட்டியை நீட்டினால் அது 1966இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா செய்த வேறு சென்ட். அலுவலகத்துக்கு அதுவும் மோசமில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதில்லை.

ஏசி அறையில் பத்துப் பேரோடு உட்காருகிறவருக்கு என் ஓட்டு ப்ளூவின் ஓ டி டாய்லெட்டுக்கு. சட்டைக்குள் இரண்டு ஸ்ப்ரே போதும். வெளியில் அலையும் விற்பனை வேலை என்றால் சவாஜ், அதுவும் ஒன்றே ஒன்று. இன்டர்வியூ அன்று இரண்டுமே வேண்டாம். குளித்து, துவைத்த சட்டை போட்டுப் போங்கள். எதிரே இருப்பவருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வரலாம், அதை அவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார்.