படைவீரர் நிதிக்கு ஜகாத் கொடுக்கலாமா?

டிசம்பர் 7 கொடி நாள். முன்னாள் படைவீரர்கள், போரில் மாண்டவர்களின் குடும்பத்தார், ஊனமுற்ற வீரர்கள் ஆகியோரின் நலனுக்காக 1949 முதல் அன்று நிதி திரட்டப்படுகிறது. அரசு நிதி என்பதால் அதில் ஐயமில்லை. ஆனால், “ராணுவக் குடும்பங்களுக்காக” என்று ரசீதுப் புத்தகத்துடன் முகமறியாதவர் ஒருவர் களமருதூர் கடைவீதிக்கு வந்தால்?

‘நிய்யத் போதுமே’ என்பார்கள் சிலர். ஒருவர் இரவில் செய்த தர்மம் திருடனிடமும், விபசாரியிடமும், செல்வந்தரிடமும் சேர்ந்தும் வீணாகவில்லை என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

ஜகாத்தின் சட்டமோ நுட்பமானது. விசாரித்து, தகுதியுடையவரென நம்பிக் கொடுத்தபின் அவர் செல்வந்தரெனத் தெரிந்தால் ஜகாத் நிறைவேறிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. விசாரியாமல் கொடுத்துத் தவறினால் மீண்டும் கொடுக்க வேண்டும். மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, விசாரித்திருந்தாலும் மீண்டும் கொடுக்கவே சொல்கிறார்கள்.

எனவே கேளுங்கள்: எந்த நிதி? பதிவு எண் என்ன? சென்ற ஆண்டுக் கணக்கு எங்கே? கேட்பது அவமதிப்பல்ல, நேர்மையாளர் மகிழ்ந்தே காட்டுவார். ஐயமிருந்தால் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளலாம்.

கொடி நாள் நிதிக்கு ஸதக்காவாகத் தாராளமாகக் கொடுக்கலாம். ஜகாத்தை அதில் சேர்க்க வேண்டாம். அது ஏழை முஸ்லிமின் கையில் உரிமையாக்கப்பட வேண்டும். வறுமையிலுள்ள முஸ்லிம் படைவீரரின் விதவைக்கு நேரே கொடுக்கலாம். ஓய்வூதியம் பெறுவது மட்டும் தடையாகாது. தேவை போக நிஸாப் அளவு அவரிடம் மிஞ்சுகிறதா என்றே பார்க்க வேண்டும்.